அக்கா எண்ணிக் கொடுத்தது

பாலக்கரை கிளமென்ட்டுக்கு அவன் அக்கா இருதயமேரி ஒரு கிட்னியைக் கொடுத்தது எண்பதாம் வருஷம் ஜூன் மாதம். அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, அவளுக்கு முப்பத்தாறு. ஒருத்தர் வயிற்றிலிருந்து எடுத்து இன்னொருத்தர் வயிற்றில் வைக்க முடியும் என்பதையே திருச்சியில் அன்றைக்குப் பலபேர் நம்பவில்லை. வைத்தால் வேலை செய்யுமா என்று பங்குச்சாமியாரே சந்தேகமாகக் கேட்டார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் இறங்கியது என்று டாக்டர் பிச்சமுத்து வெளியே வந்து சொன்னபோது, இருதயமேரியின் புருஷன் அற்புதசாமி தலையிலடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அவருக்கு இதில் முழுச் சம்மதம் கிடையாது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். பெண்டாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார். இருதயமேரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "எங்கம்மா இருந்தா அவங்க கொடுத்திருப்பாங்க. அவங்க இல்லை. நான் இருக்கேன்."

அவளுக்கு இடுப்புக்கு மேலே விலாவைச் சுற்றி ஒரு முழத்துக்கு வெட்டியிருந்தார்கள். ஒரு விலா எலும்பின் நுனியையும் எடுக்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. கிளமென்ட் அக்கா வீட்டு மாடியறையில்தான் இருந்தான். அவள் படியேறும்போது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு ஏறுவது அவன் காதுக்கே தெரியும். நாலு படிக்கு ஒருமுறை சத்தம் நிற்கும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "கிளமென்ட், உங்க உடம்புக்கு இந்த கிட்னி வேற்று ஆள். அது தெரிஞ்சா உடம்பு சும்மா விடாது, அழிச்சிடும். தெரியாம வைக்கிறதுக்குத்தான் இந்த மாத்திரை. ஆபரேஷன் என் வேலை, முடிஞ்சு போச்சு. இனிமே இது உங்க வேலை, தினமும்."

மஞ்சள் மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை நாலு. காலையில் இருதயமேரி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணிப் போட்டு மாடிக்குக் கொண்டுவருவாள். நாள் தவறினதில்லை.

வெள்ளை மாத்திரைதான் அவன் முகத்தை மாற்றியது. கிளமென்ட் பார்க்க லட்சணமானவன், அது அவனுக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். சட்டைக் காலரும் மீசையும் எப்போதும் ஒழுங்காக இருக்கும். ஆபரேஷன் ஆன நாலு மாதத்தில் கன்னம் இரண்டும் உப்பிக் கண்ணை மறைத்தது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது, முதுகெல்லாம் பரு. தீராத பசி வேறு. பையன்கள் 'பன்னு சார்' என்று பேர் வைத்தார்கள். கரும்பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் அது காதில் விழும். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான்.

பொறுக்க முடியாமல் போனது எண்பத்தொன்று மார்ச்சில், சாம்பல் புதனுக்கு மறுநாள். ஸ்கூலுக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஏறியது. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து நின்றாள். இவன் எழுந்து இடம் கொடுத்தான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தை நேராகப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அது பேட்ரிசியா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு நிச்சயம் செய்த பெண். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஒரு வாரம் இருக்கும்போது அவன் கிட்னி கெட்டுப்போன விஷயம் தெரிந்து, அவள் அப்பா மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் அவனுக்கு யார்மேலும் வருத்தமில்லை. ஆனால் எட்டு மாதம் அவளோடு பேசிப் பழகியிருக்கிறான். அந்த முகத்தை அவள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துவிட்டு, யாரோ ஒரு தடித்த ஆளுக்குச் சொல்வது போல் தேங்க்ஸ் சொன்னாள். திருவானைக்காவலில் அவள் இறங்கும்வரை அவன் மூச்சுவிடப் பயந்துகொண்டு நின்றான், எங்கே அடையாளம் கண்டுகொள்வாளோ என்று. கண்டுகொள்ளவேயில்லை. எது மோசம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை அக்கா கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது, மஞ்சள் மாத்திரையை மட்டும் விழுங்கினான்.

"வெள்ளை மாத்திரை வெறும் வயித்துல எரியுதுக்கா. ஸ்கூல்ல டிபன் சாப்பிட்டுப் போட்டுக்கிறேன்."

"மறந்துடாதடா."

"மறப்பேனா."

மூன்றை ஸ்கூலில் போட்டுக்கொண்டான். ஒன்றைக் காகிதத்தில் சுருட்டி, பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியாக எறிந்தான். அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் மூன்று. அப்புறம் நாலும் போயிற்று. மஞ்சள் மாத்திரை இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பையன்களுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவன், தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. மாதம் ஒருமுறை திருச்சியில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. அக்கா கேட்டதற்கு, "போன மாசம் மாதிரியேதான் இருக்கு" என்றான்.

முகம் வற்றியது. ஈஸ்டருக்குள் தாடை எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஸ்டாப் ரூமில் எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ஈஸ்டர் பூசை முடிந்து வரும்போது இருதயமேரி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "ஆண்டவர் என் தம்பி முகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். உனக்காகத்தான் தவக்காலம் பூரா ஒரு வேளை சாப்பிட்டேன்" என்றாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

அதற்கடுத்த வாரமே காய்ச்சல். அடிவயிற்றில் கிட்னி வைத்த இடம் தொட்டால் வலித்தது. கணுக்கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. அற்புதசாமி லீவு போட்டுவிட்டு இருவரையும் மெட்ராஸுக்கு அழைத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் பிச்சமுத்து ரிப்போர்ட்டைப் பார்த்தார். ரத்தத்தில் கழிவு தேங்குவதைக் காட்டும் கிரியேட்டினின் ஒன்றேகாலாக இருந்தது ஆறு ஆகியிருந்தது. உடம்பு கிட்னியை எதிர்க்கிறது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டீங்களா?"

கிளமென்ட் வாயைத் திறப்பதற்குள் இருதயமேரி சொன்னாள். "ஒரு நாள் தவறலை டாக்டர். நான்தான் என் கையால எண்ணிக் கொடுக்கிறேன். என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன்."

டாக்டர் அவனைப் பார்த்தார். "அப்படியா கிளமென்ட்?"

அக்கா பிள்ளைகள் மேல் சத்தியம் செய்துவிட்டாள். இனி உண்மையைச் சொன்னால் அவளைப் பொய்க்காரியாக்கியது போலாகும் என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்ததாகத்தான் ரொம்ப நாள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான். நிஜம் அதைவிடச் சின்னது. வெட்கம், அவ்வளவுதான்.

"ஆமா டாக்டர்."

மூன்று நாள் பெரிய அளவில் ஊசி மருந்து ஏற்றினார்கள். ஆறு மெதுவாக இறங்கி இரண்டே முக்காலில் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. பாதிக் கிட்னி தப்பித்தது, பாதி போய்விட்டது என்றார் டாக்டர். தன் நோட்டில் வெகுநேரம் எழுதினார். அந்த ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்றினவர்கள் அப்போது பதினாலு பேர்தான். ஒவ்வொருத்தர் கதையும் அந்த நோட்டில் இருந்தது.

"ஒழுங்காச் சாப்பிட்டும் இப்படின்னா, நான் கொடுக்கிற அளவு பத்தலையோ என்னவோ" என்று அவர் தனக்குள் பேசுவது போலச் சொன்னது கிளமென்ட் காதில் விழுந்தது. இருதயமேரி காதில் வேறொன்று விழுந்திருக்கிறது.

"என்னுதுல ஏதாவது கோளாறா டாக்டர்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. சில பேருக்குச் சேராது. காரணம் எங்களுக்கே தெரியறதில்லை."

காரணம் தெரியாது என்றதும் அவள் தானே ஒன்றைத் தேடிக்கொண்டாள். கோடை லீவு முடிந்து ஸ்கூல் திறந்த அன்று காலை, மாடியறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கிளமென்ட்டு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒம்பது வயசுல டைபாய்டு வந்துச்சு, நாப்பது நாள் கிடந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால டாக்டர் என்னென்ன வியாதி வந்திருக்குன்னு கேட்டாரில்ல, அதைச் சொல்லலை. சொன்னா வேணாம்னுடுவாரோன்னு பயம். அதனாலதான் இப்படி ஆயிடுச்சோன்னு இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"உன் மச்சான்கூடச் சொல்றாரு. கொடுத்ததுதான் கொடுத்தே, நல்லதாப் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதான்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னை மன்னிச்சுடுடா தம்பி."

அவன் அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "ஸ்கூலுக்கு நேரமாச்சுக்கா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். பஸ்ஸில் பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். இப்போது மாத்திரைகளை ஒன்றுவிடாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். முகம் மறுபடி உப்பிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு வேண்டியதுதான் என்று தோன்றும்.

ஜூலை செக்கப்புக்கு வழக்கம் போல அக்காவும் தம்பியும் பகல் ரயிலில் மெட்ராஸ் போனார்கள். எப்போதும் அதே ரயிலில் சமயபுரம் பக்கத்துக்காரர் வீரமலையும் வருவார். வாழைத்தோட்டக்காரர், கிளமென்ட்டுக்கு ஒரு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் கிட்னி வைத்துக்கொண்டவர். கொடுத்தது அவருடைய அண்ணன் மருதை. அந்த முறை வீரமலை ரயிலில் இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் மருதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பத்து நாள் தாடியோடு. கிளமென்ட்டைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க சார். தம்பியை உள்ளே வச்சிருக்காங்க. நெஞ்சுல சளி கட்டி, மூச்சுவிட முடியலை."

"எப்படி ஆச்சு?"

"மாத்திரையைக் கூட்டினாங்கள்ல, அதுலதான். உடம்புல எதிர்ப்பு குறைஞ்சு போச்சாம், எந்தக் கிருமி வந்தாலும் பிடிச்சுக்குமாம். டாக்டரையும் குத்தம் சொல்றதுக்கில்லை சார். உங்களை மாதிரி ஒழுங்காச் சாப்பிட்டவருக்கே பத்தலைன்னதும், எங்களுக்கெல்லாம் கூட்டிட்டாங்க. நல்லதுக்குத்தானே செஞ்சாங்க."

கிளமென்ட் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். மூக்கில் குழாயோடு வீரமலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கியது. தோட்டத்தில் குலை சுமந்த தோள்.

"அக்கா, நீ இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். உட்காரவில்லை.

"டாக்டர், நான் மாத்திரை சாப்பிடலை."

பிச்சமுத்து பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்போ?"

"மார்ச், ஏப்ரல்ல. வெள்ளை மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, கடைசியில எதுவுமே இல்லை. அக்காவுக்குத் தெரியாது. அளவு பத்தாம இல்லை டாக்டர். அளவு சரியாத்தான் இருந்தது."

கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தான். அவர் அந்த நோட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். "எந்தத் தேதியிலேர்ந்து? எந்த வாரம் எத்தனை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு ஒரு வரியை அழுத்தி அடித்தார். அடுத்த நிமிஷமே மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டு, கூட்டின அளவை எல்லாருக்கும் பழையபடி குறைக்கச் சொல்லி, ஒவ்வொரு ஊருக்கும் தந்தி கொடுக்கச் சொன்னார்.

அவள் போன பிறகு கேட்டார். "ஏன்?"

"முகம்" என்றான் கிளமென்ட். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவன் காதெல்லாம் எரிந்தது. பக்கத்து அறையில் ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கும்போது, முகம்.

டாக்டர் நோட்டை மூடி வைத்தார்.

"வீரமலைக்கு இதனாலதான் வந்துச்சான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. இல்லாமலும் வந்திருக்கலாம். ஆனா நான் ஒரு தப்பு பண்ணினேன். உங்க அக்காவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உங்களைக் கேட்டேன். கிட்னி கொடுத்தவங்க முன்னால எவன் உண்மையைச் சொல்லுவான்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க என்னை ரெண்டு தடவை கேட்டாங்க, என்னுதுல கோளாறான்னு. அதுக்குப் பதில் இப்போ எனக்குத் தெரியும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

அன்று ரயிலில் விழுப்புரம்வரை அவனால் முடியவில்லை. விருத்தாசலம் தாண்டினதும் இருதயமேரி எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளாமல் சொன்னான். தாழ்ந்த குரலில், மார்ச்சிலிருந்து எல்லாவற்றையும். பேட்ரிசியாவையும் விடவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போகாததையும் விடவில்லை.

அவள் கையில் பொட்டலம் அப்படியே இருந்தது.

"எங்கே போட்டே?"

"பாலத்துல. பஸ்ல போகும்போது."

"எத்தனை?"

"நூத்தம்பது, நூத்தறுபது இருக்கும்."

"அப்போ என் கிட்னி நல்லதுதான்."

"ரொம்ப நல்ல கிட்னின்னு டாக்டர் சொன்னாருக்கா. இல்லாட்டி இந்த அளவுக்குத் தாங்கியிருக்காதுன்னாரு."

அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. மூன்று மாதமாக அழுத்திக்கொண்டிருந்தது இறங்கின நிம்மதி, கண்கூட ஒரு நொடி பளிச்சென்று ஆனது. அதைப் பார்த்ததுதான் கிளமென்ட்டுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. அப்புறம் அது மெல்லப் போயிற்று. பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்துபோய்க் கதவோரக் குழாயில் முகத்தைக் கழுவினாள், வெகுநேரம். திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு குடும்பத்தைக் கொஞ்சம் நகரச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். திருச்சி ஜங்ஷனில் இறங்கி அவனுக்குமுன் விறுவிறுவென்று நடந்தாள், விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு.

அற்புதசாமியிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அவர் அன்று மாடிக்கு வந்து வாசலில் நின்று, "நான் அவளைப் பேசக் கூடாததைப் பேசிட்டேன் மாப்ளே. உன்னாலதான்" என்றார். வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று கிளமென்ட் பெட்டியைக்கூட எடுத்து வைத்திருந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. காலையில் மாத்திரைக் கிண்ணம் வந்தது. இருதயமேரி அதை மேஜையில் வைப்பாள், அவன் விழுங்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள். ஐந்து மாதம் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீரமலை பிழைத்துக்கொண்டார். ஐம்பது நாள் படுக்கையில் கிடந்து, பாதி உடம்பாக வெளியே வந்தார். அக்டோபரில் செக்கப்புக்குக் காத்திருக்கும்போது கிளமென்ட் அவரிடமும் சொன்னான். அவர் துண்டை மடியில் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரியுது சார்" என்றார் கடைசியில். "நானும் இந்த மூஞ்சியோடதான் ஊருக்குள்ள திரியறேன். ஆனா எங்க அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்க. அது கோவக்காரன், அதுக்குப் புரியாது."

அதனால் மருதைக்கு மட்டும் தெரியாமலே போயிற்று. தம்பி கிடந்தபோது வந்து பார்த்த சார் என்று அவர் ஒவ்வொரு முறையும் தோட்டத்திலிருந்து ஒரு சீப்பு பூவன்பழம் கொண்டுவந்து கிளமென்ட் கையில் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. வாங்கிக்கொள்வான். வீட்டுக்கு வந்து அதைச் சாப்பிடவும் மனசு வராது, எறியவும் மனசு வராது.

டாக்டர் பிச்சமுத்து அதன்பின் செக்கப் நடத்தும் முறையை மாற்றினார். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். "முகத்தைப் பார்த்து யாரு என்ன சொன்னாங்க?" என்று ஆரம்பிப்பார். பேசிக்கொண்டே போனால் விட்டுப்போன மாத்திரைகள் தானாக வெளியே வரும். அப்படிப் பிடிபட்டவர்கள் நாலைந்து பேர், கிட்னி கெட்டுப்போகும் முன்பே. இரண்டு வருஷம் கழித்து, கிளமென்ட் உள்ளே இருக்கும்போதே, புதிதாகச் சேர்ந்த டாக்டர்களிடம் அவர் சொன்னார்: "இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஸ்கூல் வாத்தியார்." பேரைச் சொல்லவில்லை. பெருமைப்பட வேண்டிய இடம்தான். கிளமென்ட் குனிந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

இருதயமேரி பேசினது எண்பத்தொன்று டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை மெட்ராஸ் போகணுமில்ல. டிக்கெட் எடுத்துட்டியா?"

"ஒண்ணுதான்க்கா எடுத்தேன்."

"இன்னொண்ணு எடு."

அக்கா என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒண்ணும் சொல்லாதே. எனக்குக் கோவம் போகலை. போச்சுன்னா நானே சொல்றேன்."

அந்தப் பாதிக் கிட்னி இன்னும் ஏழு வருஷம் ஓடியது. அதற்குள் அவன் முகத்தைப் பொருட்படுத்தாத ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டு, அடுத்த தெருவுக்குக் குடிபோனான். மெட்ராஸ் போகும் ஒவ்வொரு முறையும் அக்கா கூட வந்தாள், சாதம் கட்டிக்கொண்டு வந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் மருதையோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். கிரியேட்டினின் எவ்வளவு என்று அவன் வெளியே வந்ததும் முதலில் கேட்கிறவள் அவள்தான். கோபம் போய்விட்டது என்று மட்டும் அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.